புதுப்பிப்பு: சி மொழியில ரெண்டு ஸ்ட்ரிங்க (எழுத்துத் தொடர) ஒட்டுற விஷயம்

ஃபோல்டர் பேரையும் ஃபைல் பேரையும் ஒரே பஃபர்ல (எழுத்துகள வைக்கிற மெமரி இடத்துல) சேக்குறப்ப கிராஷ் ஆகுதுன்னு கேட்டிருந்தேன்ல, இப்ப சரியாயிடுச்சு. நிறைய பேர் ஸ்ட்ர்என்கேட் (strncat, ஒரு ஸ்ட்ரிங் பின்னாடி இன்னொண்ண ஒட்டுற ஃபங்ஷன்) போட சொன்னீங்க, ஆனா அதுல மூணாவதா குடுக்குற நம்பர் பஃபரோட மொத்த சைஸ் இல்ல, இன்னும் எத்தன எழுத்து ஒட்டலாம்ங்கிற கணக்கு, ஸ்ட்ரிங் முடிஞ்சுதுன்னு காட்டுற கடைசி நல் பைட்டுக்கு வேற தனியா இடம் விடணும், சைஸ அப்படியே குடுத்தா பழைய குருடி கதவத் திறடி தான். அதனால பஃபர் சைஸ மீறாம எழுதுற எஸ்என்பிரிண்ட்எஃப்-க்கு (snprintf) மாறிட்டேன். அது திருப்பித் தர்ற நம்பர் பஃபர் சைஸுக்கு சமமாவோ அதிகமாவோ இருந்தா பாதியில வெட்டியிருக்குன்னு அர்த்தம், அத செக் பண்ணாம விட்டா வேற ஃபைலப் போய் தொறக்கும் (கிராஷே தேவல!). எழுதுற பஃபரையே சோர்ஸாவும் குடுத்துடாதீங்க. ஸ்ட்ர்எல்கேட் (strlcat, பஃபரோட மொத்த சைஸையே வாங்கிக்கிட்டு ஒட்டுற ஃபங்ஷன்) ஏன் வேணாம்னு கேட்டவருக்கு: ஓப்பன்பிஎஸ்டி ஆபரேட்டிங் சிஸ்டத்துல 1998லயே வந்துச்சு, லினக்ஸ்ல பெரும்பாலும் இருக்குற சி லைப்ரரியான ஜிலிப்சி-ல (glibc) 2023ல வந்த 2.38 வெர்ஷன்லதான் சேத்தாங்க, எங்க சர்வர் அதுக்கும் பழசு.