சோவியத் சின்சில்லா முயல் ஜோடிக்கு வெள்ளைக் குட்டி! அவசர உதவி

தேனிப்பண்ணை
வணக்கம். என்கிட்ட இருக்கிற சாம்பல் நிற சோவியத் சின்சில்லா முயல் ஜோடி குட்டி போட்டிருக்கு. அதுல ரெண்டு வெள்ளை, ஒண்ணு கறுப்பு! சுத்த ஜாதின்னு சொல்லித்தான் கூட விலை வெச்சு வித்தாங்க. ஏமாத்திட்டாங்களா? முன்பணம் குடுத்தவங்க ஞாயித்துக்கிழமை பார்க்க வர்றாங்க. அந்த மூணையும் கழிச்சிடலாமா? சீக்கிரம் சொல்லுங்க.

மலைமுயல்
மொத்தம் எத்தனை குட்டி? பிறந்து எத்தனை நாள் ஆச்சு? வெள்ளையோட கண் சிவப்பா, நீலமா? பக்கத்துல வேற ஆண் இருக்கா? இதெல்லாம் தெரியாம என்ன சொல்றது?

கொங்கு கூண்டு
வேற ஆண் புகுந்திருக்கும். முயலுக்கு இணை சேர்ந்த பிறகுதான் கருமுட்டையே வெளிய வரும். கொஞ்ச நேர இடைவெளியில ரெண்டு ஆண் ஏறினா ஒரே ஈத்துல ரெண்டு தகப்பன் குட்டியும் வர வாய்ப்பிருக்கு. கூண்டுத் தாழ்ப்பாளைப் பாருங்க.

பசுந்தீவனம்
தாது உப்பு குடுக்கிறீங்களா? செம்புச் சத்து குறைஞ்சா முயலுக்கு முடி வெளுக்கும். வெறும் அகத்தியும் வேலிமசாலும் போட்டா இப்படித்தான்.

பழைய கை
இதே கேள்விக்கு இங்கே பலமுறை பதில் எழுதியாகிவிட்டது. தேடிப் பார்க்கப் பொறுமை இல்லாதவர்கள் இன விருத்தியில் இறங்கக் கூடாது. பள்ளியில் மெண்டலின் பட்டாணிப் பாடத்தைக் கவனித்திருந்தாலே போதும். பெற்றோர் இரண்டுமே கலப்பு. இரண்டையும் கறிக்கு அனுப்பிவிட்டு நல்ல இடத்தில் புதிதாக வாங்குங்கள்.

தேனிப்பண்ணை
மொத்தம் 8. அஞ்சு சாம்பல். பிறந்து 6 நாள், கண் திறக்கல. வேற ஆண் கிடையாது.

கால்நடை மாணவி
அண்ணா, எதையும் கழிச்சிடாதீங்க. பொறுமையாப் படிங்க.

முயல் நிறத்துல 'சி'ன்னு ஒரு மரபணு இருக்கு. அதுல பல வகை. முழு நிறம் தர்றது எல்லாத்துக்கும் மேல. அதுக்குக் கீழ சின்சில்லா வகை. அது மஞ்சள் நிறமியை மட்டும் எடுத்துடும், அதனாலதான் காட்டு முயலோட பழுப்பு இங்க சாம்பலாத் தெரியுது. இன்னும் கீழ, மூக்கு, காது, பாதம், வால் மட்டும் கறுக்கிற ஹிமாலயன் வகை, கலிஃபோர்னியன் முயல்ல பார்த்திருப்பீங்க. கடைசியில வெள்ளை வகை, நிறமே வராது, கண்ணும் சிவப்பு. ஒவ்வொரு முயலுக்கும் தாய்கிட்ட ஒண்ணு, தகப்பன்கிட்ட ஒண்ணுன்னு ரெண்டு பிரதி. மேல இருக்கிற வகைதான் வெளியில தெரியும். அதனால ஒண்ணு சின்சில்லா, இன்னொண்ணு வெள்ளைன்னா முயல் சாம்பலாத்தான் இருக்கும். அப்படி ரெண்டு முயல் சேர்ந்தா சராசரியா நாலுல ஒரு குட்டி வெள்ளை.

கறுப்புக்குக் காரணம் வேற மரபணு. முடியில வளையம் வளையமா நிறம் விழ வைக்கிறது அது. அதோட ஒடுங்கு வகை (ஒரே பிரதின்னா வெளியில தெரியாது) ரெண்டு பிரதியும் சேர்ந்தா வளையம் போயிடும். வெள்ளை வகையும் இந்த ஒடுங்கு வகையும் தாய் தகப்பன் ரெண்டுகிட்டயும் மறைஞ்சிருந்தா, 16-க்கு 9 சாம்பல், 3 கறுப்பு, 4 வெள்ளை. உங்க அஞ்சு, ஒண்ணு, ரெண்டு அதுக்குப் பக்கத்துலதான் வருது.

கொங்கு கூண்டு அண்ணா, தாய்கிட்ட வெள்ளை மறைஞ்சிருக்கலைன்னா எந்த வெள்ளை ஆண் ஏறினாலும் வெள்ளைக் குட்டி வராது. தாழ்ப்பாள் மேல பழி போட முடியாது. செம்புக் குறைவுல முடி வெளுக்கலாம், ஆனா அது ஒரே ஈத்துல ரெண்டை மட்டும் பிறவியிலேயே வெள்ளையாக்காது.

மலைமுயல்
தங்கச்சி சொல்றது சரி. கண் திறக்க 10-12 நாள் ஆகும், அதுவரை காத்திருக்க வேண்டாம். இமைத்தோல் வழியாவே பாருங்க. சாம்பல் குட்டிக்கு உள்ள கருமை தெரியும், சிவப்புக் கண்ணுக்கு இளஞ்சிவப்பா இருக்கும். நீலக் கண்ணா இருந்தா அது வியன்னா மரபணு, கதையே வேற.

எங்கேருந்து வந்திருக்கும்னு என் ஊகம்: கொடைக்கானல் பக்கத்து மன்னவனூர் ஆராய்ச்சி மையத்துல வெள்ளை முயலான ஒயிட் ஜெயண்டும் சோவியத் சின்சில்லாவும் தனித்தனி இனமா இருக்கு. வெளியில சின்னப் பண்ணைகள்ல ரெண்டையும் ஒரே கொட்டகையில வெச்சு ஒண்ணோட ஒண்ணு சேர்த்துடறாங்க. முதல் தலைமுறைல அத்தனையும் சாம்பல், கண்ணால பார்த்து யாராலும் பிரிக்க முடியாது. அதையே சுத்த சின்சில்லான்னு விக்கிறாங்க.

கொங்கு கூண்டு
இருந்துட்டுப் போகட்டுமே. கறிக்கு நிறம் எதுக்கு? கிலோ கணக்குலதானே எடுக்கிறாங்க. எனக்குக் கலப்புக் குட்டிதான் வேகமா எடை ஏறுது.

பழைய கை
நிறம் நிலைக்காத இனம் இனமே அல்ல. முடியை ஊதிப் பாருங்கள்: அடியில் கருநீலம், நடுவில் முத்து வெண்மை, நுனியில் கறுப்பு. வளையம் மங்கினால் அது சின்சில்லா இல்லை. உங்களைப் போன்றவர்களால்தான் நல்ல சின்சில்லா கிடைக்காமல் போனது.

கொங்கு கூண்டு
பல்லு கோணின ஆணை வளையம் அழகா இருக்குன்னு வெச்சு, ஊரெல்லாம் கோணப்பல் குட்டி பரப்பினவங்களையும் பார்த்திருக்கேன் சார்.

மலைமுயல்
ரெண்டு பேர் சொல்றதுலயும் நியாயம் இருக்கு. நான் முதல்ல பல்லு, கால் பார்ப்பேன். அப்புறம் தாய் எத்தனை குட்டியைக் காப்பாத்தினா, பால் மறக்கும்போது என்ன எடை. நிறம் அதுக்குப் பிறகு. ஆனா இனத்தோட பேரைச் சொல்லி வித்தா நிறமும் சரியா இருக்கணும்.

கால்நடை மாணவி
பழைய கை சார், எல்லாத்தையும் கறிக்கு அனுப்பினா நஷ்டம் இனத்துக்குத்தான். சுத்தமான சின்சில்லா கிடைக்கிறதே அபூர்வம். மறைவா வெள்ளை வெச்சிருக்கிற நல்ல பெண்ணை, மறைவு இல்லாத ஆணோட சேர்த்தா ஒரு வெள்ளைக் குட்டியும் வராது, குட்டிகள்ல பாதி சுத்தம். ரெண்டு மூணு தலைமுறைல தாயோட நல்ல குணத்தை இழக்காம வெள்ளையை மட்டும் வெளியேத்திடலாம்.

எது சுத்தம்னு கண்டுபிடிக்க அந்த வெள்ளைக் குட்டிதான் உரைகல். சந்தேகப்படற சின்சில்லாவை வளர்ந்த வெள்ளையோட சேருங்க. ஒரு வெள்ளை வந்தாலே தீர்ப்பு முடிஞ்சது. ஏழு குட்டி பிறந்து ஏழும் சாம்பல்னா, மறைவு இருந்தும் தப்பிக்க 128-ல ஒரு வாய்ப்புதான். அஞ்சு குட்டிதான்னா 32-ல ஒண்ணு, அது போதாது, இன்னொரு ஈத்து பாருங்க. செத்துப் பிறந்ததையும் நிறம் தெரிஞ்சா கணக்குல சேருங்க. சோதனைக்குப் பிறந்ததை இன விருத்திக்கு வெக்காதீங்க, அத்தனைகிட்டயும் வெள்ளை மறைஞ்சிருக்கும்.

இன்னொண்ணு. இப்ப இருக்கிற அஞ்சு சாம்பல்லயும், ஒவ்வொண்ணுகிட்டயும் வெள்ளை மறைஞ்சிருக்க மூணுல ரெண்டு பங்கு வாய்ப்பு. வாங்க வர்றவங்ககிட்ட தயவு செஞ்சு சொல்லிடுங்க.

பசுந்தீவனம்
எதுக்கும் தாது உப்பையும் பாருங்க.

தேனிப்பண்ணை
கண் திறந்துடுச்சு. வெள்ளை ரெண்டும் சிவப்புக் கண். வித்தவர்கிட்ட அழுத்திக் கேட்டேன், ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே தாய், அது ஒயிட் ஜெயண்ட்டுங்கிறார். வந்தவங்ககிட்ட உள்ளதைச் சொன்னேன். ஒருத்தர் முன்பணத்தைத் திருப்பி வாங்கிட்டார். இன்னொருத்தர் கறிக்குன்னு எடுத்துக்கிறார். வெள்ளை ரெண்டையும் வெச்சிருக்கேன். நன்றி தங்கச்சி.

மலைமுயல்
அப்ப உங்க ஜோடியே ஒரு வயித்துப் பிள்ளைங்க. அடுத்த ஈத்துக்கு இதே ஆணைப் போடாதீங்க. கறுப்புக் குட்டியை என்ன பண்ணீங்க, அதோட கண் என்ன நிறம்? வெள்ளைல ஆண் எது, பெண் எதுன்னு பார்த்தீங்களா?

மலைமுயல்
தேனிப்பண்ணை, இருக்கீங்களா?