ரோபோவுக்கு உடல் முழுவதும் தோல் எதற்கு? மூட்டே போதாதா?

மூட்டுக்காரன்
2024 ஆகஸ்டில் ஜெர்மனியின் விண்வெளி ஆய்வு மையமான டிஎல்ஆரின் ஆய்வாளர்கள் 'சயின்ஸ் ரோபாட்டிக்ஸ்' இதழில் வெளியிட்ட ஆய்வைப் படிக்காதவர்களுக்காகச் சொல்கிறேன். அந்த ரோபோக் கையின் மேல் தொடுதலை உணரும் தோல், மெத்தை எதுவும் இல்லை. விசையை அளக்கும் சென்சார்கள் எல்லாம் உள்ளேயே, மூட்டுகளை ஒட்டி இருக்கின்றன. ஆனாலும் கையின் மேல் விரலால் ஓர் எண்ணை எழுதினால், என்ன எழுதினோம் என்று கண்டுகொள்கிறது. உடம்பில் ஓர் இடத்தை 'இது பொத்தான்' என்று குறித்து வைத்து, அங்கே அழுத்தி வேலை வாங்கலாம்.

இதற்குப் பிறகும் ஆயிரக்கணக்கான சென்சார்களை மேலே ஒட்டுவேன் என்று ஏன் அடம்பிடிக்க வேண்டும்? 1980களிலேயே விளாதிமிர் லுமெல்ஸ்கி ரோபோக் கைக்கு அகச்சிவப்புச் சென்சார் தோல் போர்த்திக் காட்டிவிட்டார். அன்றிலிருந்து இது கண்காட்சிப் பொருளாகவே இருக்கிறது. மூட்டு போதும் என்பதே என் கட்சி.

கீல்
கண்காட்சிப் பொருள் என்பது தவறு. வியன்னாவில் பிறந்த ஏர்ஸ்கின், காற்றடைத்த மெத்தை உறைகளைத் தொழிற்சாலை ரோபோக்களுக்கு விற்கிறது. இடித்தால் உள்ளே காற்றழுத்தம் மாறும், ரோபோ நிற்கும், அவ்வளவுதான்.

கணக்குக்கு வருவோம். ரோபோவின் மூட்டைக் கதவின் கீலாக நினைத்துக்கொள்ளுங்கள். வீட்டுக் கதவின் வெளி விளிம்பைச் சுண்டுவிரலால் தள்ளினாலும் திறக்கும். அதே கதவைக் கீலை நோக்கி உங்கள் பலம் முழுவதையும் போட்டு அழுத்துங்கள். அசையாது. கீலில் முறுக்குமானி (திருப்பும் விசையை அளக்கும் கருவி) இருந்தால் அது பூஜ்யம் என்றுதான் காட்டும். இன்னொன்று: கீலிலிருந்து 30 செ.மீ. தூரத்தில் 20 நியூட்டனும், 60 செ.மீ. தூரத்தில் 10 நியூட்டனும் அதற்கு ஒன்றேதான், இரண்டும் 6 நியூட்டன் மீட்டர். ஏழு மூட்டுகள் இருந்தால் ஏழு எண்கள் கிடைக்கும். ஒரே ஒரு விரல் தொடும்போது அதை வைத்துச் சமாளிக்கலாம். ஒருவர் இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டு தோளாலும் சாய்ந்தால்? தொடும் ஒவ்வோர் இடத்துக்கும் விசையைச் சொல்ல மூன்று எண்கள், இடத்தைச் சொல்ல இரண்டு. மூன்று இடங்களுக்குப் பதினைந்து. உங்களிடம் இருப்பது ஏழு. மூட்டுக்குள் இன்னும் சில சென்சார்களைக் கூட்டலாம். மனிதன் எத்தனை இடத்தில் தொடுவான் என்பதற்கு யார் வரம்பு போடுவது?

எண்ணெய்க்கை
நான் ஆராய்ச்சி செய்பவன் அல்ல, பராமரிப்புப் பிரிவில் இருக்கிறேன். எங்கள் ஆலையில் தொடுவுணர் உறை போட்ட ரோபோக் கை ஒன்று இருக்கிறது. ஆலையின் பெயரும் உறையின் பெயரும் வேண்டாம். கடைந்த உருளைகளை எடுத்துத் தட்டில் அடுக்கும் வேலை. மூன்றாம் மாதம் முழங்கைப் பக்கத்து உறையின் ஓரத்தில் கூலன்ட், அதாவது இயந்திரத்தைக் குளிர்விக்கும் திரவம், ஊறிவிட்டது. அதிலிருந்து யாரும் தொடாமலே நிற்கும். ஒரே ஷிப்டில் பதினொரு முறை நின்ற நாளும் உண்டு. உற்பத்திக் கணக்கு என் தலையில்.

ஒரு நாள் காலை வந்து பார்த்தால் நிற்கவே இல்லை. சரியாகிவிட்டது என்று முதலில் மகிழ்ந்தேன். பிறகு திறந்து பார்த்தேன். இரவு ஷிப்டில் யாரோ அந்த உறையின் இணைப்பைப் பிடுங்கிவிட்டு, எல்லாம் நலம் என்று கன்ட்ரோலர் நம்பும்படி ஒரு துண்டுக் கம்பியைச் செருகியிருந்தார்கள். உறை அப்படியே போர்த்தியிருந்தது, உணர்வு மட்டும் இல்லை. அதன் பக்கத்தில் நின்றுதான் பையன்கள் தட்டு மாற்றிக்கொண்டிருந்தார்கள். மூட்டுக்குள் இருக்கும் சென்சாரை யாரும் இப்படி ஏமாற்ற முடியாது.

மூட்டுக்காரன்
எண்ணெய்க்கை அண்ணா சொன்னதை அப்படியே சட்டம் போட்டு மாட்டலாம். வேலை செய்யாத தோல், தோலே இல்லாததைவிட ஆபத்தானது.

கீல்
அண்ணா சொன்ன தொல்லை உண்மை, மறுக்கவில்லை. ஆனால் அது அந்த உறையின் வடிவமைப்புக் கோளாறு. இத்தாலியின் ஐகப் ரோபோவில் தோல் சின்னச் சின்ன முக்கோணத் துண்டுகளால் ஆனது. மின்தேக்கி முறையில் இயங்குவதால் வெயில் ஏறினாலே அளவு நகர்ந்துவிடும். அதற்காகவே ஒவ்வொரு முக்கோணத்திலும் உள்ள பன்னிரண்டு புள்ளிகளில் இரண்டை அழுத்தம் அளக்க விடாமல், வெப்பத்தால் வரும் மாறுதலைக் கழிக்க ஒதுக்கியிருக்கிறார்கள். மியூனிக்கில் கோர்டன் செங் குழு 2019இல் ஆளுயர ரோபோ ஒன்றுக்கு 1,260 அறுகோணத் துண்டுகளைப் போர்த்தியது. மொத்தம் 13,000க்கும் மேற்பட்ட சென்சார்கள். சில துண்டுகள் செத்தாலும் மற்றவை செய்தியை வேறு வழியில் அனுப்பிக்கொள்ளும். ஏதாவது மாறினால்தான் துண்டு வாய் திறக்கும் என்பதால், கணினியின் சுமை 90 சதவீதம் வரை குறைந்ததாம்.

வார்டு எண் 6
நான் செவிலியர். இவ்வளவு நேரம் படித்ததில், எல்லோரும் ரோபோ மனிதனை இடிப்பதைப் பற்றியே பேசுகிறீர்கள். தூக்குவதைப் பற்றி யாரும் பேசவில்லை.

எழ முடியாத நோயாளியைக் கட்டிலிலிருந்து நாற்காலிக்கு மாற்றும்போது ஒரு முன்கை முதுகுக்குக் கீழே, இன்னொன்று முழங்கால்களுக்குக் கீழே போகும். எடை எவ்வளவு என்பது இடுப்புக்குத் தெரியும். அவர் வழுக்கத் தொடங்குகிறார் என்பது முன்கையின் தோலுக்குத்தான் தெரியும். சட்டைத் துணி லேசாக இழுபடும்; அந்த நொடியில் கையை இன்னும் உள்ளே கொடுத்துவிட வேண்டும். எடை அப்போதும் அதேதான், மாறியிருக்காது. அப்படி இழுபட்டுக்கொண்டே இருந்தால் படுக்கைப் புண்ணும் வரலாம்.

ஜப்பானின் ரிக்கென் நிறுவனம் 2009இல் ரிபா என்று ஒரு தூக்கும் ரோபோ செய்தது, 2015இல் கரடி முகத்தோடு ரோபியர். ரிபாவின் கைகளில் தொடுவுணர்வை வைத்திருந்தார்கள். விளையாட்டுக்கா வைத்திருப்பார்கள்?

மூட்டுக்காரன்
சகோதரி, தூக்கும் கைக்குத் தோல் வேண்டும் என்பதை ஒப்புக்கொள்கிறேன். என் வாதம் 'உடல் முழுவதும்' என்பதற்கு எதிரானது. முதுகிலும் முழங்காலிலும் எதற்கு? பாதுகாப்புக்கு என்றால் அதற்கு 2016இல் வந்த ஐஎஸ்ஓ டிஎஸ் 15066 என்ற சர்வதேசப் பாதுகாப்பு ஆவணம் இருக்கிறது. மனித உடலில் 29 இடங்களுக்கு வரம்பு போட்டிருக்கிறார்கள்: நெஞ்சை அழுத்தினால் 140 நியூட்டன், முகத்துக்கு 65. அதைத் தாண்டும் முன் நிறுத்த மூட்டு போதும்.

கீல்
அதே ஆவணத்தில் பக்கத்துக் கட்டத்தையும் பாருங்கள். விசைக்கு ஒரு வரம்பு, சதுர செ.மீ.க்கு எவ்வளவு அழுத்தம் என்று இன்னொரு வரம்பு. 100 நியூட்டன் உள்ளங்கை அகலத்தில் பரவினால் வெறும் தள்ளல். திருகுத் தலையின் அகலத்தில் இறங்கினால் காயம். மூட்டுக்கு இரண்டும் அதே 100தான். தொட்ட பரப்பு எவ்வளவு என்று தோலிடம்தான் கேட்க முடியும். போஷ் நிறுவனத்தின் ஏபாஸ் ரோபோவின் தோல் ஒரு படி மேலே போகிறது, ஆள் நெருங்கினாலே தொடுவதற்கு முன் நின்றுவிடும். தொடாததை எந்த மூட்டு உணரும்?

மூட்டுக்காரன்
திருகுத் தலை வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் திருகை உள்ளே தள்ளுங்கள், மூலைகளை உருட்டுங்கள். அதற்கு 13,000 சென்சார்களா! தொடுவதற்கு முன் நிற்பது நல்ல விஷயம்தான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அதைத் தொடுவுணர்வின் கணக்கில் எழுதாதீர்கள்.

எண்ணெய்க்கை
பரப்பு, அழுத்தம் எல்லாம் இருக்கட்டும். கீல் தம்பி, அந்த முக்கோணத்தில் ஒன்று செத்தால் அதை மட்டும் கழற்றி மாற்ற முடியுமா, கை முழுவதையும் உரிக்க வேண்டுமா?

கீல்
ஐகப்பில் துண்டுகள் வளையும் சர்க்யூட் போர்டில் ஒன்றோடொன்று கோத்தே வருகின்றன, அண்ணா. மேலே ஒட்டிய துணியையும் பிரிக்க வேண்டும்.

எண்ணெய்க்கை
அப்படியென்றால் இரவு ஷிப்டுக்காரர் மறுபடியும் கம்பித் துண்டைத்தான் தேடுவார்.