நெய்மரை வாங்கியது பாரிஸா, கத்தாரா?

வலதுவிங்:
வழக்கமான ஃபுட்பால் டிரான்ஸ்ஃபர் வதந்தி இல்லை, வேறு ஒரு கேள்வி. 2017 ஆகஸ்டில் நெய்மர் பார்சிலோனாவை விட்டு, கத்தார் பணத்தில் ஓடும் பாரிஸ் கிளப்பான பிஎஸ்ஜிக்குப் போனார், விலை 22.2 கோடி யூரோ. அதற்கு முந்தைய வருடம் போக்பாவுக்கு மான்செஸ்டர் யுனைடெட் கொடுத்த பத்தரைக் கோடிதான் அதுவரை உச்சம். ஒரே தாவலில் இரண்டு மடங்குக்கு மேல் போய்விட்டது. டிக்கெட்டும் ஜெர்சியும் விற்று எந்தக் கிளப்பும் அந்தப் பணத்தை எடுக்க முடியாது என்பது குழந்தைக்கும் தெரியும்.

என்னோடு மேட்ச் பார்க்கும் ஆட்களில் ஒரு கோஷ்டி, 'அது கத்தார் அரசு உலகத்துக்குக் காட்டிய கெத்து, ஃபுட்பால் வெறும் சாக்கு' என்கிறது. இன்னொரு கோஷ்டி, 'எதற்கெடுத்தாலும் அரசியலை இழுக்காதே, ஒருவன் நன்றாக ஆடுகிறான், இன்னொருவன் காசு கொடுக்கிறான், அவ்வளவுதான்' என்கிறது. எனக்கு இரண்டுமே முழுசாக ஒட்டவில்லை. நாடுகளின் சண்டையோ சமாதானமோ ஒரு குறிப்பிட்ட டிரான்ஸ்ஃபரை நடத்தி வைத்தது, அல்லது கெடுத்தது என்று விரல் நீட்டிச் சொல்லக்கூடியவை என்னென்ன? 'எல்லாமே அரசியல்தான் நண்பா' என்று ஒரு வரியில் முடிக்காமல், யார், எப்போது, எப்படி என்று சொல்லுங்கள். அப்புறம் காசைக் கொட்டி ஆள் வாங்கும் சவூதி லீக்கும், அப்படியே வாங்கிச் சரிந்த சீன லீக் போன வழியிலேதான் போகுமா?

பாதிநேரம்:
தேதிகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். 2017 ஜூன் 5 அன்று சவூதி, அமீரகம், பஹ்ரைன், எகிப்து நான்கும் கத்தாரோடு உறவை முறித்து, வான்வழி தரைவழி எல்லாவற்றையும் மூடின. இரண்டு மாதத்தில் நெய்மர் ஈஃபிள் கோபுர ஊரில் ஜெர்சியைத் தூக்கிக் காட்டுகிறார். முற்றுகையால்தான் வாங்கினார்கள் என்று யாரும் நிரூபித்ததில்லை, பிஎஸ்ஜி அதற்கு முன்பிருந்தே அவர் பின்னால் சுற்றிக்கொண்டிருந்தது. ஆனால் ஒதுக்கி வைக்கப்பட்ட ஒரு குட்டி நாடு அந்த வாரம் முழுக்க உலகத்தின் எல்லாச் செய்தித்தாளிலும் முதல் பக்கத்தில் இருந்தது, அதுவும் நல்ல காரணத்துக்காக. அது தற்செயல் என்றால் ரொம்ப வசதியான தற்செயல்.

நீங்கள் கேட்ட மாதிரி நேரடியாக விரல் நீட்ட வேண்டும் என்றால் நெய்மரை விட இங்கிலாந்தின் நியூகாசில் கிளப்தான் சரியான உதாரணம். 2020 ஏப்ரலில் சவூதி அரசின் முதலீட்டு நிதியான பிஐஎஃப் அந்தக் கிளப்பை வாங்க வருகிறது. பிரீமியர் லீக் ஒப்புதல் தராமல் இழுத்தடிக்கிறது, ஜூலையில் அவர்கள் வெறுத்துப்போய் விலகுகிறார்கள். என்ன தடங்கல்? கத்தாரின் பீஇன் சேனல்தான் அந்தப் பகுதியில் பிரீமியர் லீக் உரிமையைக் காசு கொடுத்து வாங்கி வைத்திருந்தது. சவூதி அந்தச் சேனலைத் தடை செய்தது, பீஅவுட்க்யூ என்ற திருட்டு ஒளிபரப்பு அதே மேட்சுகளை அங்கே கூச்சமே இல்லாமல் காட்டியது. தன் சரக்கைத் திருடுகிறவர்களோடு தொடர்புடைய ஒரு நாட்டுக்கு லீக் எப்படி ஒரு கிளப்பைக் கொடுக்கும்? அதோடு, கிளப்பை உண்மையில் ஆளப்போவது அரசா இல்லையா என்ற கேள்வியும் சேர்ந்துகொண்டது. 2021 ஜனவரியில் வளைகுடாவில் சமாதானம் ஆகிறது. அக்டோபர் 6 அன்று சவூதி பீஇன் மீதான தடையை நீக்குகிறது என்று செய்தி வருகிறது, 7 அன்று நியூகாசில் கை மாறுகிறது. ஒரே ஒரு நாள் இடைவெளி! அடுத்து ஆள் வாங்கும் ஜனவரி விண்டோவில் டிரிப்பியர் வந்தார், புரூனோ கிமராயிஸ் வந்தார். ரியாத்துக்கும் தோஹாவுக்கும் நடுவே இருந்த ஒரு டிவி சண்டை தீராமல் புரூனோ அந்தக் கறுப்பு வெள்ளைச் சட்டையைப் போட்டிருப்பாரா? எனக்குத் தெரிந்து வாய்ப்பே இல்லை.

கடைசி_நிமிடம்:
எல்லாம் சரி, ஆனால் நீங்கள் எல்லோரும் ஷேக்குகளையே பார்த்துக்கொண்டு சட்டத்தை விட்டுவிடுகிறீர்கள். நெய்மர் போக முடிந்ததே ஸ்பெயின் சட்டத்தால்தான். அங்கே ஆட்டக்காரர் ஒப்பந்தத்தை முறித்துக்கொள்ள ஒரு தொகை எழுதியே ஆக வேண்டும், அதைக் கட்டிவிட்டால் கிளப்பால் தடுக்க முடியாது. ஸ்பெயின் லீக்கான லா லீகா அந்தப் பணத்தை வாங்க மறுத்து முறைத்துப் பார்த்தது, வக்கீல்கள் நேராக பார்சிலோனா அலுவலகத்துக்கே போய்க் கட்டிவிட்டு வந்தார்கள். இதே ஆள் இங்கிலாந்திலோ இத்தாலியிலோ ஆடிக்கொண்டிருந்து, ஒப்பந்தத்தில் அப்படி ஒரு வரி இல்லாமல் இருந்திருந்தால் கத்தார் எவ்வளவு கொட்டினாலும் கிளப் தலையாட்டாமல் நடந்திருக்காது.

அரசியல் டிரான்ஸ்ஃபரைப் பாதிப்பது பெரும்பாலும் இப்படிச் சத்தம் இல்லாமல்தான். போஸ்மன் என்ற ஆட்டக்காரரின் வழக்கில் வந்த 1995 தீர்ப்பு ஐரோப்பிய ஒன்றியத்தின் தொழிலாளர் உரிமைச் சட்டத்தை வைத்து வந்தது. ஒப்பந்தம் முடிந்தவன் காசு இல்லாமல் போகலாம் என்று அது சொன்ன பிறகுதான் இன்று நாம் பார்க்கும் ஃப்ரீ டிரான்ஸ்ஃபர் எல்லாம். பிரெக்ஸிட் இன்னொன்று. 2003ல் ஆர்செனல் 16 வயது ஃபாப்ரெகாஸை பார்சிலோனாவிலிருந்து தூக்கியது ஞாபகம் இருக்கிறதா? 2021 ஜனவரியிலிருந்து இங்கிலாந்து கிளப் எதுவும் அப்படிச் செய்ய முடியாது, வெளிநாட்டுப் பையனுக்கு 18 ஆகும் வரை காத்திருக்க வேண்டும். ஃபீஃபா விதியில் 16 முதல் 18 வரையான சலுகை ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் மாறுகிறவர்களுக்குத்தான், அந்தக் கதவை பிரிட்டன் ஓட்டுப் போட்டு மூடிக்கொண்டது. ஓட்டுப் போட்டவர்களில் எத்தனை பேர் ஆர்செனல் அகாடமியை நினைத்துப் போட்டிருப்பார்கள்?

வலதுவிங்:
@கடைசி_நிமிடம் இது நல்ல கோணம். ஆனால் சட்டம் மெதுவாக வேலை செய்யும். ஒரே நாளில் ஒரு கிளப்பின் டிரான்ஸ்ஃபர் மொத்தமும் நின்றுபோனது உண்டா?

ஸ்டாண்டில்_ஓரமாக:
உண்டு. செல்சி, 2022 மார்ச் 10.

ரஷ்யா உக்ரைனுக்குள் நுழைந்து இரண்டு வாரம். ரஷ்யப் பணக்காரர் அப்ரமோவிச் மீது பிரிட்டன் அரசு தடை போடுகிறது. 2003லிருந்து அவர் சொத்தாக இருந்த கிளப், அவருடைய மற்ற சொத்துகளோடு சேர்ந்து முடக்கம். அரசு ஒரு சிறப்பு உரிமம் கொடுத்தது, அதில் எழுதியிருந்ததைச் செய்யலாம், எழுதாததைச் செய்ய முடியாது. மேட்ச் ஆடலாம். புது டிக்கெட் விற்க முடியாது, கடையில் ஜெர்சி விற்க முடியாது, வெளியூர் மேட்சுக்குப் போக 20,000 பவுண்டுதான் வரம்பு. ஆள் வாங்க முடியாது, விற்க முடியாது, இருக்கிறவரின் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கவும் முடியாது. கவனியுங்கள், இதுதான் கொன்றது. ரூடிகருக்கும் கிறிஸ்டென்சனுக்கும் அந்த ஜூனோடு ஒப்பந்தம் முடிகிறது. அதற்கு முன்பே பேச்சுவார்த்தை இழுபறியில் இருந்தது என்பது உண்மைதான், ஆனால் தடைக்குப் பிறகு மேசையில் வைக்க ஒரு காகிதம்கூட செல்சியிடம் இல்லை. ஒருவர் ரியல் மாட்ரிட், இன்னொருவர் பார்சிலோனா, செல்சி கைக்குக் காலணா வரவில்லை. மே கடைசியில் கிளப் 250 கோடி பவுண்டுக்குக் கை மாறியது. உக்ரைனில் போரால் பாதிக்கப்பட்டவர்களுக்கு என்று சொல்லப்பட்ட அந்தப் பணம் வருடக்கணக்கில் ஒரு வங்கிக் கணக்கில் முடங்கிக் கிடந்தது, அது தனி வயிற்றெரிச்சல்.

ஆனால் என்னைக் கேட்டால் இந்தக் கதையில் பாவப்பட்டது செல்சி இல்லை, உக்ரைனின் ஷக்தார் தோனெட்ஸ்க். செல்சிக்கு இன்னொரு பணக்காரர் வந்துவிட்டார். ஷக்தார் 2014லேயே சொந்த ஊரை விட்டு ஓடி வந்த கிளப். லிவிவ், கார்கிவ், கீவ் என்று நாட்டுக்குள்ளேயே இடம் மாறி மாறி ஆடியது, 2022க்குப் பிறகு சாம்பியன்ஸ் லீக் 'சொந்த மைதான' மேட்சை வார்சாவிலும் ஹாம்பர்கிலும் ஆடியது. அவர்கள் பிழைப்பே பிரேசிலிலிருந்து இளம் ஆட்களை வாங்கி, வளர்த்து, மேற்கு ஐரோப்பாவுக்கு விற்பதுதான். டக்ளஸ் கோஸ்டா, ஃபெர்னான்டினோ, ஃப்ரெட் எல்லோரும் அந்த வழியில் போனவர்கள்.

போர் தொடங்கியதும் ஃபீஃபா என்ன செய்தது? உக்ரைனிலும் ரஷ்யாவிலும் இருக்கும் வெளிநாட்டு ஆட்டக்காரர்கள் ஒப்பந்தத்தைத் தற்காலிகமாக நிறுத்தி வைத்துவிட்டு வேறு கிளப்புக்குப் போகலாம் என்றது. ஆட்டக்காரனைப் பொறுத்தவரை நியாயம். குண்டு விழும் ஊரில் இருந்து ஆடு என்று யாரும் சொல்ல முடியாது. ஆனால் அதைப் பயன்படுத்தி ஷக்தாரின் டெடே லியோனுக்குப் போனார், சாலமன் ஃபுல்ஹாமுக்குப் போனார், ஷக்தாருக்கு உரிய விலை எதுவும் வரவில்லை. ஃபீஃபா அந்த விதியை இன்னொரு சீசனுக்கு நீட்டித்தது. கிளப் சுவிட்சர்லாந்தில் இருக்கும் விளையாட்டு நடுவர் மன்றத்துக்குப் போய் 2023 ஜனவரியில் தோற்றது. ரஷ்யாவுக்கும் உக்ரைனுக்கும் ஒரே விதியைப் போட்டு, நடுநிலை என்று பெயர் வைத்து, கடைசியில் அடி வாங்கியவன் சரக்கை லண்டன் கிளப்புகள் ஃப்ரீயாக எடுத்துக்கொண்டன. ஷக்தாரின் இழப்பை ஈடுகட்ட ஒரு நிதி வைத்திருக்கலாம், ஃபீஃபாவிடம் பணமா இல்லை?

அதே ஜனவரியில் ஷக்தாரின் முட்ரிக் 7 கோடி யூரோவுக்கு, மேலே 3 கோடி போனஸ் சேர்த்து, செல்சிக்கு விற்கப்பட்டார். உக்ரைன்காரர் என்பதால் அந்த விதி அவருக்குப் பொருந்தாது, அதனால்தான் விலை கிடைத்தது. ஷக்தார் உரிமையாளர் அக்மெதோவ் அதிலிருந்து இரண்டரைக் கோடி டாலரை மரியுபோலைக் காத்த வீரர்களுக்கும் அவர்கள் குடும்பங்களுக்கும் ஒதுக்குவதாக அறிவித்தார். அந்த டிரான்ஸ்ஃபரை நாம் இங்கே 'ஓவர் விலை' என்று கிண்டல் செய்துகொண்டிருந்தோம்.

கடைசி_நிமிடம்:
@ஸ்டாண்டில்_ஓரமாக ஒப்பந்தத்தை நிறுத்தி வைத்தாலும் ஆட்டக்காரர் மீதான உரிமை ஷக்தாரிடம்தானே இருந்தது? திரும்பி வந்திருக்க வேண்டுமே.

ஸ்டாண்டில்_ஓரமாக:
காகிதத்தில் ஆமாம். ஆனால் ஒப்பந்தத்தில் மிச்சம் இருக்கும் வருடங்கள்தான் ஒருவரின் விலை. அது வெளியே ஆடும்போதே கரைந்துவிட்டால் எதை விற்பீர்கள்? சாலமன் ஃபுல்ஹாமில் ஒரு வருடம் ஆடினார், 2023 கோடையில் டாட்டன்ஹாமுக்கு ஃப்ரீயாகப் போனார்.

பழைய_லைன்ஸ்மேன்:
தம்பிகளா, இதெல்லாம் இந்த நூற்றாண்டின் கண்டுபிடிப்பு இல்லை. 1956ல் ஹங்கேரியில் புரட்சி வெடித்து சோவியத் டாங்குகள் புகுந்தபோது ஹோன்வெட் அணி ஐரோப்பியக் கோப்பை ஆட வெளிநாட்டில் இருந்தது. அதன் நட்சத்திரம் புஷ்காஷ் ஊர் திரும்பவில்லை. ஃபீஃபா தடை, ஆடவே முடியாமல் உடம்பு பெருத்து, 31 வயதில் 1958ல் ரியல் மாட்ரிட் எடுத்தது. 1960 ஐரோப்பியக் கோப்பை இறுதிப் போட்டியில் நான்கு கோல் அடித்தார். அதே அணியின் கோச்சிஷும் சிபோரும் பார்சிலோனாவுக்குப் போனார்கள். டாங்குகள் வராமல் இருந்திருந்தால் இந்த மூவரும் ஸ்பெயினில் ஆடியிருக்கவே மாட்டார்கள்.

சவூதி பற்றிக் கேட்டீர்கள். அதற்குச் சீனாவை விட 1949 கொலம்பியாதான் நெருங்கிய சொந்தம் என்பேன். அங்கே ஒரு லீக் ஃபீஃபாவை விட்டு வெளியே நின்று, யாருக்கும் டிரான்ஸ்ஃபர் தொகை கொடுக்காமல், நேராக ஆட்டக்காரருக்குச் சம்பளத்தைக் கொட்டியது. அர்ஜென்டினாவில் ஆட்டக்காரர்கள் ஸ்ட்ரைக் செய்து ஓய்ந்த நேரம், டி ஸ்டெஃபானோ ரிவர் பிளேட்டை விட்டு மில்லியனாரியோஸுக்குப் போனார். இங்கிலாந்தில் அப்போது அதிகபட்சச் சம்பளம் வாரம் 12 பவுண்டு என்று கட்டிப் போட்டிருந்தார்கள், ஸ்டோக்கிலிருந்து நீல் ஃபிராங்ளின் பொகோட்டாவுக்கே கிளம்பிவிட்டார். துரோகி, பேராசைக்காரன் என்று இங்கிலாந்துப் பத்திரிகைகள் வைத பாட்டைத்தான் 2023ல் ஹென்டர்சன் சவூதி போனபோதும் கேட்டோம், அவருக்குக் கூடுதலாக வேறு நியாயமான கேள்விகளும் வந்தன. கொலம்பியா 1954ல் முடிந்தது. ஃபீஃபாவோடு சமரசம், அதோடு ஆட்கள் திரும்பினார்கள்.

சீனா வேறு விதமாகச் செத்தது. மேலிடம் ஃபுட்பாலை விரும்பியது, ரியல் எஸ்டேட் முதலாளிகளும் கடைக்காரர்களும் மேலிடத்தைக் குளிர்விக்கப் பணம் போட்டார்கள், பிறகு அதே மேலிடம் பணம் வெளியே போகிறது என்று 2017ல் வெளிநாட்டு ஆட்களை வாங்கினால் அதே அளவு இன்னொரு தொகை கட்டு என்றது. ஜியாங்சு 2020ல் சாம்பியன், 2021 பிப்ரவரியில் கதவைச் சாத்தியது. குவாங்சோ எட்டு முறை சாம்பியன், 2025 தொடக்கத்தில் அதுவும் இல்லை. சவூதியில் பணம் போடுவதே அரசு நிதிதான். நான்கு பெரிய கிளப்பிலும் 75 சதவீதம் அதனிடம் போனது, 2034 உலகக் கோப்பையும் கையில். அதனால் கடன்காரன் வந்து கதவைத் தட்டி மூடப்போவதில்லை. எண்ணெய் விலை இறங்கினால் பர்ஸ் சுருங்கும், அவ்வளவுதான் என் கணிப்பு. ஆனால் நெய்மர் அல் ஹிலாலுக்கு 9 கோடி யூரோவுக்குப் போய் ஏழே ஏழு மேட்ச் ஆடியதைப் பார்த்த பிறகு, ஆள் தேர்வில் கொஞ்சம் புத்தி வந்திருக்கும்.

வலதுவிங்:
கொலம்பியா எனக்குப் புதுசு, தேடிப் படிக்கிறேன் அண்ணே. கடைசியாக ஒன்று. மபாப்பே 2022ல் மாட்ரிட் போகாமல் பாரிஸிலேயே தங்கியது? மக்ரோனே பேசினார் என்கிறார்களே, அது இந்தப் பட்டியலில் வருமா?

பாதிநேரம்:
பேசியது உண்மை, தங்கச் சொன்னதை மக்ரோனே ஒத்துக்கொண்டார். ஆனால் அதே பையன் 2024ல் மாட்ரிட்டுக்கு ஃப்ரீயாகப் போனான். ஜனாதிபதியும் கத்தாரும் சேர்ந்து வாங்கிக் கொடுத்தது இரண்டு வருடம்.

கடைசி_நிமிடம்:
போஸ்மனுக்கு மாட்ரிட் தலைவர் பெரெஸ் ஒரு பூங்கொத்து அனுப்பியிருக்க வேண்டும் 😄