புதுப்பிப்பு: சித்தப்பாவின் விளக்குப் பட்டறை வீடியோ ஒருவழியாக முடிந்தது

நாச்சியார்கோயிலில் சித்தப்பா நடத்தும் குத்துவிளக்குப் பட்டறைக்குச் சின்னதாக ஓர் அறிமுக வீடியோ எடுக்க வேண்டும், கேமராவைப் பார்த்தாலே அவர் வாயடைத்துப் போகிறார், என்ன செய்யலாம் என்று போன மாதம் கேட்டிருந்தேன்.

எழுதிக் கொடுத்துப் படிக்கச் சொன்னது என் தப்பு. பள்ளி ஆண்டு விழாவில் பேசுவதுபோல் ஒப்பித்தார். இந்த முறை தாளைத் தூக்கிப் போட்டுவிட்டு, செல்போனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, "இந்த விளக்கை எப்படிப் பூட்டுறது சித்தப்பா?" என்று மட்டும் கேட்டேன். அவ்வளவுதான். அடிப்பாகத்தில் தண்டை மரை சுற்றி ஏற்றினார், மேலே தட்டு, உச்சியில் அன்னம். கை வேலை பார்க்கப் பார்க்க வாயும் தானாகத் திறந்தது. உருக்கிய பித்தளையை ஊற்றும் அச்சைப் பற்றி, "ஆத்து வண்டல் மண்ணுலதான்டா அச்சு நிக்கும்" என்றார் பாருங்கள், வீடியோவே அதில்தான் தொடங்குகிறது.

சத்தம்தான் பாடாய்ப் படுத்தியது. விளக்கைக் கடையும் லேத் இயந்திரம் ஓடினால் பேச்சே கேட்கவில்லை. மதியச் சாப்பாட்டு நேரத்தில், இயர்போன் மைக்கைச் சட்டைப் பொத்தானில் மாட்டிப் பதிவு செய்தோம். பளபளப்பான பித்தளையில் என் முகம் தெரிந்தது தனிக் கதை. விளக்கைக் கொஞ்சம் திருப்பி வைத்தோம்.

கூகுள் மேப்பில் கடைப் பக்கத்துக்கு 30 வினாடிதான் அனுமதி, 75 எம்பிக்குள். அதனால் இரண்டு நிமிடத்தை வெட்டி 28 வினாடியாக்கினேன். அன்னம் ஏற்றும் இடம் மட்டும் முழுசாக இருக்கிறது.

சித்தி பார்த்துவிட்டு, "சட்டையாவது மாத்தியிருக்கலாம்" என்றார்.