ஈடிபஸ் வீழ்ந்தது ஆணவத்தாலா, பிழையாலா?

கூத்துக்கிறுக்கன்:
கிரேக்கத் துன்பியலில் ‘ஹமார்ஷியா’ என்றால் நாயகனின் குணக்கேடு என்றுதான் கல்லூரியில் படித்தேன். சோஃபக்கிளிஸின் நாடகத்தில், யாரென்று தெரியாமலே தந்தையைக் கொன்று தாயை மணந்த ஈடிபஸுக்கு அது ஆணவம். மூன்று சாலைகள் கூடும் இடத்தில், வழிவிடவில்லை என்று ஒரு கிழவரை அடித்தே கொன்றவன் அவன். ஆணவம் இல்லையென்றால் அது வேறு என்ன?

மரப்பாச்சி:
அந்தக் குறிப்பேட்டைப் பழைய பேப்பர் கடையில் போடுங்கள். குறி தவறுவதைச் சுட்டும் வினையிலிருந்து வந்த சொல் அது. தீமையாலோ கயமையாலோ அல்ல, பெரும் பிழை ஒன்றால் நாயகன் வீழ வேண்டும் என்கிறார் அரிஸ்டாட்டில் (‘கவிதையியல்’, 13ஆம் அதிகாரம்). பெற்றவர்கள் யாரென்று ஈடிபஸுக்குத் தெரியாது; பிழை அதுதான். போகட்டும், அவன் தலையில் தார்க்கோலால் அடித்தது யார்? அந்தக் கிழவர்தானே!

கூத்துக்கிறுக்கன்:
ஓர் அடிக்கு ஓர் உயிரா? கோபத்தை அடக்கியிருந்தால் அந்தக் கிழவர், அதாவது அவனைப் பெற்ற தந்தை, பிழைத்திருப்பாரே.

அரங்கவாசி:
இருவரும் குணத்தையே பிடித்துத் தொங்குகிறீர்கள். ஆறு உறுப்புகளில் கதைப்பின்னலைத்தான் துன்பியலின் உயிர் என்கிறார் அரிஸ்டாட்டில்; குணம் அதற்கு அடுத்தது. ஈடிபஸ் வளர்ந்த கொரிந்து நகரிலிருந்து தூதன் வரும் காட்சியைப் பாருங்கள். குறிவாக்கின்படி, தாய் என்று தான் நம்பும் கொரிந்து அரசியை மணந்துவிடுவோமோ என்ற ஈடிபஸின் பயத்தைப் போக்கத்தான் அவன் வாயைத் திறக்கிறான். “அவள் உன்னைப் பெற்றவளே அல்ல, கணுக்கால் துளைக்கப்பட்ட குழந்தையாக நான்தான் உன்னைக் கொண்டுபோய்க் கொடுத்தேன்” என்கிறான். ஆறுதல் சொல்ல வந்தவனே குடியைக் கெடுத்துவிடுகிறான். பக்கத்தில் நிற்கும் அவன் மனைவி யொகாஸ்டாவுக்கு அப்போதே எல்லாம் விளங்கிவிடுகிறது. இனி எதையும் கேட்காதே என்று கெஞ்சுகிறாள்.

கூத்துக்கிறுக்கன்:
அப்போதும் கேட்காமல் இருந்தானா? அந்தப் பிடிவாதத்தைத்தான் நான் சொல்கிறேன்!

மரப்பாச்சி:
தான் ஆளும் தீப்ஸ் நகரைக் கொள்ளைநோயிலிருந்து காப்பாற்றக் கொலைகாரனைத் தேடுகிறவன் பாதியில் நிறுத்த வேண்டுமா? அந்த ஊரை வதைத்த ஸ்பிங்ஸ் என்ற அரக்கியின் புதிரை அவிழ்த்ததும் இதே விடாப்பிடிதான். ஊர் அவனை அரசனாக்கியதும் அதற்காகத்தான்.

கூத்துக்கிறுக்கன்:
சரி, கிரியோன் விஷயத்துக்கு வாருங்கள். ஒரு சாட்சியும் இல்லாமல் மைத்துனனுக்கு மரண தண்டனை கேட்கிறானே?

மரப்பாச்சி:
அது அநியாயம்தான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அதனால் அவன் வீழவில்லை. நாடகம் தொடங்கும்போதே கொலை முடிந்துவிட்டது, கல்யாணம் முடிந்துவிட்டது, நான்கு பிள்ளைகளும் பிறந்துவிட்டார்கள். இனி அவன் எவ்வளவு அடக்கமாக நடந்தாலும் அதில் எதை மாற்ற முடியும்?