ஆய்வு அறிக்கையில் நாலு குறை: சீலிங் கறை, கம்பி துரு, ஆர்.சி.சி.பி., சுவர் ஓதம். எதை முதலில் தொடுவது?

புதுச்சாவி

வணக்கம். 20 வருடக் கான்கிரீட் வீடு, தரைத்தளமும் ஒரு மாடியும். சாவி கைக்கு வந்துவிட்டது, இன்னும் குடிபோகவில்லை. ஆய்வு அறிக்கையில் சொல்லியிருப்பவை:

1. மாடிக் குளியலறைக்கு நேர் கீழே ஹால் சீலிங்கில் பழுப்புக் கறை, முக்கால் மீட்டர் அகலம். கறையின் ஓரத்தில் ஒரு விளக்கு.
2. போர்டிகோ சிலாப் அடியில் கம்பி ஓடும் திசையிலேயே நீள விரிசல், துருக்கறை. ஓரிடத்தில் பூச்சு விழுந்து கம்பி தெரிகிறது.
3. ஆர்.சி.சி.பி. (மின்கசிவு வந்தால் தானே விழுந்து சப்ளையைத் துண்டிக்கும் சுவிட்ச்) டெஸ்ட் பட்டனை அமுக்கினால் விழுவதில்லை.
4. பின்சுவரின் அடியில் அரை மீட்டர் உயரத்துக்கு உப்புப் பூத்து பெயின்ட் உரிகிறது.

"குளியலறைக்கு மேலாப்ல கெமிக்கல் அடிச்சு, சிலாப்பைப் பூசி, பட்டி பார்த்து பெயின்ட் அடிச்சிடலாம், பத்து நாள் வேலை" என்கிறார் மேஸ்திரி. ஒத்துக்கொள்ளலாமா?

டெஸ்டர்

மேஸ்திரி சொல்லாமல் விட்ட மூன்றாவதுதான் உங்களுக்கு முதல் வேலை. ஈரமான சீலிங், அதில் ஒரு விளக்கு, விழாத ஆர்.சி.சி.பி. மூன்றும் ஒரே வீட்டில் இருக்கவே கூடாது. அந்த விளக்கின் எம்.சி.பி.யை (ஓவர்லோடு வந்தால் விழும் சர்க்யூட் சுவிட்ச்) இன்றே இறக்கி, அதன் மேல் டேப் ஒட்டிவிடுங்கள். யாராவது தெரியாமல் தூக்கிவிடக் கூடாது.

டெஸ்ட் பட்டன் வேலை செய்ய ஆர்.சி.சி.பி.க்குள் சப்ளை வந்திருக்க வேண்டும். பேஸ், நியூட்ரல் இரண்டும் வருகிறதா என்று எலக்ட்ரீஷியன் மீட்டர் வைத்துப் பார்க்கட்டும். நியூட்ரல் லூசாக இருந்தாலும் பட்டன் பேசாது. சப்ளை சரியாக இருந்தும் விழவில்லை என்றால் மாற்றிவிடுங்கள், அதைப் பிரித்து ரிப்பேர் பார்ப்பது கூடாது. ஆள் பாதுகாப்புக்கு 30 மில்லி ஆம்ப் கசிவில் விழும் வகை. அது தாங்கும் சுமையின் ஆம்ப் அளவு, முன்னால் இருக்கும் மெயின் எம்.சி.பி.யைவிடக் குறையக் கூடாது, ஓவர்லோடை ஆர்.சி.சி.பி. தடுக்காது.

புதிதாக மாட்டியதும் அடிக்கடி விழுந்தால் பொருளைக் குறை சொல்லாதீர்கள். பெரும்பாலும் கீசர் எலிமென்ட் கசிவாக இருக்கும், அல்லது இரண்டு ஆர்.சி.சி.பி.யின் நியூட்ரல் உள்ளே கலந்திருக்கும். ஒவ்வொரு சர்க்யூட்டையும் தனியே பிரித்து 500 வோல்ட் மெகர் (ஒயரின் இன்சுலேஷனை அளக்கும் மீட்டர்) போடச் சொல்லுங்கள், பல்பு, சார்ஜர் எல்லாம் கழற்றிய பிறகு. 1 மெகா ஓமுக்குக் கீழே காட்டும் சர்க்யூட்டில்தான் கோளாறு. இன்னொன்று: டெஸ்ட் பட்டன் எர்த்தைச் சோதிப்பதில்லை. எர்த் தொடர்ச்சியைத் தனியாகப் பார்க்க வேண்டும்.

ரசமட்டம்

குளியலறைக்கு: எங்கிருந்து ஒழுகுகிறது என்று தெரியாமல் கெமிக்கல் வாங்காதீர்கள். தண்ணீர் வர நாலு வழி உண்டு: சப்ளை பைப், தரை வடிகால், தரை டைல்ஸ் இடுக்கு, சுவர் டைல்ஸ். நாளுக்கு ஒன்று என்று பிரித்துப் பாருங்கள். முதலில் கறையின் விளிம்பில் பென்சிலால் கோடு போட்டு, தேதியும் நேரமும் எழுதுங்கள்.

முதல் சோதனை, குளியலறையை இரண்டு நாள் பூட்டிவைப்பது. சப்ளை வால்வு திறந்தே இருக்கட்டும். அப்போதும் சீலிங் ஈரமாகிறது என்றால் அழுத்தத்தில் இருக்கும் பைப்தான். வால்வை மூடியதும் காயத் தொடங்கினால் உறுதி.

காய்ந்துவிட்டது என்றால் அடுத்து வடிகால். தரை நனையாமல், ஒரு ஹோஸை நானி டிராப்புக்குள் (தரை வடிகாலின் வாய்) நேராக விட்டு 20 லிட்டர் ஊற்றுங்கள். கீழே ஒரு ஆள் டார்ச்சோடு நிற்கட்டும். கீழே சொட்டாவிட்டால் மறுநாள், ஈரத்துணியைப் பிளாஸ்டிக் பையில் சுருட்டி டிராப்பை அடைத்து, 25 மி.மீ. தண்ணீர் கட்டி 24 மணி நேரம் விடுங்கள். வாசற்படி அதைவிட உயரமா என்று பார்த்துக்கொள்ளுங்கள். அதுவும் தாங்கினால் கடைசியாக ஷவரைச் சுவர் மேல் மட்டும் அடித்துப் பாருங்கள்.

தூக்குக்குண்டு

சிலாப் விஷயம்: பூசி மூடினால் துரு நிற்காது. புதுக் கான்கிரீட்டின் காரத்தன்மை, பி.எச். 12.5க்கு மேல். அந்தக் காரம்தான் கம்பியைத் துருவிலிருந்து காக்கிறது. காற்றிலுள்ள கரியமில வாயு வருடக்கணக்கில் உள்ளே இறங்கி பி.எச். 9க்குக் கீழே கொண்டுவந்துவிட்டால் காவல் போய்விடும். பிறகு ஈரம் பட்டால் துரு. துரு, அது தின்ற இரும்பைப் போல 2 முதல் 6 மடங்கு இடம் கேட்கும். அதனால்தான் விரிசல் கம்பியின் திசையிலேயே ஓடுகிறது.

சுத்தியலால் மெல்லத் தட்டிக்கொண்டே போங்கள். நல்ல கான்கிரீட் "கிண்" என்று கேட்கும், பெயர்ந்தது "தொப்" என்று கேட்கும். தொப்பென்ற எல்லையைச் சாக்பீஸால் வரையுங்கள். கண்ணுக்குத் தெரியும் சேதத்தைவிட அது எப்போதும் பெரிது. உடைந்த புது முகத்தில் பினால்ப்தலீன் கரைசலைத் தெளித்தால் காரம் மிச்சமுள்ள இடம் சட்டென்று ரோஜா நிறமாகும். நிறம் மாறாத பகுதி கம்பி ஆழத்தைத் தாண்டியிருக்கிறதா என்பதுதான் கேள்வி. தாண்டியிருந்தால் ஒட்டு மட்டும் போடுவது தற்காலிகம்.

கம்பியைப் பளபளப்பாகும்வரை பிரஷ் போட்டு, வெர்னியரால் அளந்து எழுதுங்கள். அதே கம்பியின் துருப்பிடிக்காத பகுதியையும் அளக்க வேண்டும்.

புதுச்சாவி

நன்றி. ஆர்.சி.சி.பி. மாற்றியாயிற்று, இப்போது பட்டனை அமுக்கியதும் விழுகிறது. குளியலறையைப் பூட்டியதும் சீலிங் காய்ந்தது. நானி டிராப்பில் ஊற்றிய பத்தாவது நிமிடம் கீழே சொட்டு. சிலாப்பில் தொப்பென்ற பகுதி 60 செ.மீ. நீளம். கம்பி நல்ல இடத்தில் 10 மி.மீ., துருப்பிடித்த இடத்தில் 9. ஒரு மி.மீ.தானே, பரவாயில்லையா?

தூக்குக்குண்டு

விட்டத்தில் ஒரு மி.மீ. என்றால் குறுக்குப் பரப்பில் 19 சதவீதம் போய்விட்டது. (9-இன் வர்க்கம் 81, 10-இன் வர்க்கம் 100.) சுமை தாங்குவது பரப்பு, விட்டம் அல்ல. துணைக்கம்பி வேண்டுமா, அதைப் பழைய கம்பியோடு எவ்வளவு நீளம் சேர்த்து ஓடவிட வேண்டும் என்பதை ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர் நேரில் பார்த்துச் சொல்லட்டும். கொத்துவதற்கு முன் ஜாக்கி முட்டுக் கொடுப்பதையும் அவரே முடிவு செய்யட்டும்.

வேலை நடக்கும்போது நீங்கள் கவனிக்க வேண்டியவை: ஒட்டின் ஓரம் கட்டர் போட்டு 10 மி.மீ. ஆழத்துக்கு நேராக வெட்டப்பட்டிருக்க வேண்டும், மெல்லிய சரிவாக முடிந்தால் பெயரும். கம்பியின் பின்பக்கம் விரல் நுழையும் அளவு, 20 மி.மீ.யாவது, கொத்தியிருக்க வேண்டும். பின்பக்கத் துருவை விட்டுவிடுவதுதான் வழக்கமாக நடக்கும் தப்பு. பிறகு துத்தநாக பிரைமர், பாண்டிங் கோட், பாலிமர் கலந்த ரிப்பேர் மார்ட்டர். சாதா சிமென்ட் பூச்சு வேண்டாம். போர்டிகோவின் மேல்பக்கத் தண்ணீர் தேங்கலைச் சரிசெய்யாமல் இதில் எதையும் தொடங்காதீர்கள்.

ரசமட்டம்

பத்து நிமிடத்தில் சொட்டினால் டிராப்பின் இணைப்பு, அல்லது அதைச் சுற்றிய கான்கிரீட். வழவழப்பான பி.வி.சி.யில் கான்கிரீட் பிடிக்காது. மயிரிழை இடைவெளி போதும். டிராப்பைச் சுற்றி 50 மி.மீ. கொத்தி, வெளிப்பக்கத்தில் சால்வென்ட் தடவி மணல் தூவிக் காயவிட்டுப் பொருத்துங்கள். சுருங்காத கிரவுட்டால் அடைத்து, அதன் மேல் வாட்டர்ப்ரூஃப் இரண்டு கோட், டிராப்பின் வாய்க்குள் மடிந்து இறங்கும்படி. டைல்ஸ் ஒட்டுவதற்கு முன் இரண்டு சோதனையும் மறுபடி: ஹோஸ் விட்டு 20 லிட்டர், பிறகு அடைத்துக் கட்டி 24 மணி நேரம். ஒட்டிய பிறகு சோதித்துப் பயனில்லை.

பின்சுவருக்கு: வெளியே மண்ணோ தளமோ உயர்ந்து ஓதத்தடுப்பு அடுக்கை (மண்ணின் ஈரம் சுவரில் ஏறாமல் சுவரடியில் போடும் தடுப்பு) மூடியிருக்கிறதா என்று தோண்டிப் பாருங்கள். அதற்கு 150 மி.மீ. கீழேயே மண் நிற்க வேண்டும். உப்பை உலர் பிரஷால் தட்டி எடுங்கள், கழுவாதீர்கள். உள்ளே வாட்டர்ப்ரூஃப் பூச்சு அடித்தால் ஈரம் மேலே ஏறும். செங்கல் சுவர் காய்வது சுமாராக மாதத்துக்கு 25 மி.மீ.தான், அதனால் பத்து நாள் கணக்கு இதற்குச் செல்லாது.

புதுச்சாவி

சீலிங்குக்கு எப்போது பெயின்ட் அடிக்கலாம்?

ரசமட்டம்

குளியலறையை இரண்டு வாரம் வழக்கம்போலப் பயன்படுத்துங்கள். பென்சில் கோட்டைக் கறை தாண்டவில்லை என்றால், 45 செ.மீ. சதுர பாலித்தீன் தாளை நாலு பக்கமும் டேப் போட்டுச் சீலிங்கில் ஒட்டி 16 மணி நேரமாவது விடுங்கள். தாளின் உள்பக்கம் நீர்முத்து கட்டியிருந்தால் இன்னும் காத்திருங்கள். உலர்ந்திருந்தால் கறை தடுக்கும் பிரைமர் ஒரு கோட் அடித்துவிட்டுப் பெயின்ட். நேரே எமல்ஷன் அடித்தால் பழுப்பு மறுபடி மேலே வந்துவிடும்.