சோலோ கிரிஸ்: விட்டுப்போன உறை, ஆடும் பிடி

கேள்வி:
ஜாவாவின் சோலோ நகரில், ட்ரிவிண்டு சந்தையில் ஒரு பழைய கிரிஸ் (ஜாவா குத்துவாள்) வாங்கினேன். படகு வடிவத் தலை கொண்ட லாத்ராங் உறை. தலையும் தண்டும் சேரும் இடம் விட்டுப்போயிருக்கிறது, பிடியும் ஆடுகிறது. சூப்பர் பசையால் ஒட்டிவிடலாமா? ஜாவா நண்பர் திருமணத்துக்கு அணிய வேண்டும்.

பதில் 1:
அந்தப் பசையை முதலில் மூடி வையுங்கள்! பிடியை ஒட்டவே கூடாது. அலகின் அடியில் பெசி என்ற மெல்லிய வால் இருக்கும். அதில் நூலோ துணியோ சுற்றி, பிடியைத் திருகி இறுக்குவதுதான் முறை. அலகைச் சுத்தம் செய்ய மறுபடி கழற்ற வேண்டுமல்லவா? உறையின் தலையும் தண்டும் பெரும்பாலும் தனித்தனி மரத்துண்டுகள்தான். பெண்டோக் என்ற உலோகக் கவசம் இருந்தால் கீழ்நோக்கி மெதுவாக உருவுங்கள். பிறகு சாதாரண மரப்பசையே போதும். அலகை வெளியே எடுத்துவிட்டு ஒட்டுங்கள். பசை உள்ளே வழிந்தால் துடைத்துவிடுங்கள், இல்லையென்றால் உறையின் வாய் இறுகிவிடும்.

பதில் 2:
அலகை எலுமிச்சைச் சாற்றில் தேய்ப்பதோடு நில்லுங்கள். இரும்பைக் கறுப்பாக்கி, அலகிலுள்ள பாமோர் என்ற நிக்கல் கோலத்தை வெள்ளையாகக் காட்டும் வாரங்கான் பூச்சில் இருப்பது ஆர்செனிக் நஞ்சு. அதைத் தெரிந்தவர் கையில் விடுங்கள்.

பதில் 3:
திருமணத்துக்கு லாத்ராங் சரியான தேர்வு. உருண்ட தலை கொண்ட கயாமான் உறை சாதாரண நாளுக்கு. முதுகுப் பக்கம், இடுப்புப் பட்டியின் மடிப்பில் செருகுங்கள். பிடி வலப்பக்கம் சாய வேண்டும். தோளுக்கு மேல் பிடி தெரிய அணிவது பாலி வழக்கம், சோலோவில் வேண்டாம்.